வெட்டி எடுத்த பதின்மூன்று நிமிடங்கள்

ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு நாற்பத்தேழு நிமிடம்தான் தேறியது, மேடம். மீதியைப் பாட்டு போட்டு நிரப்பிவிடலாம். சவுரியப்பன் இருந்தபோது அப்படித்தான் செய்வான். பேச விஷயம் தீர்ந்ததும் "ஆமாங்க..." என்று ஒரு பெருமூச்சு விடுவான், அடுத்த நொடி பாட்டு வந்துவிடும். கேட்பவர்கள் அதைச் சோகம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நம் கல்லூரி வானொலியின் பொறுப்பாசிரியராக நீங்கள் என்னிடம் இரண்டு வேலைகள் கொடுத்தீர்கள். அவனுடைய முதலாண்டு நினைவு நாளுக்குப் பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து ஒரு நிகழ்ச்சி தொகுக்க வேண்டும். அவனுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த சித்தேரி செல்லியைக் கண்டுபிடித்து, அதில் இரண்டு வார்த்தை பேச வைக்க வேண்டும். முதல் வேலை இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. இரண்டாவது முடியாது. ஏன் முடியாது என்பதும், பதின்மூன்று நிமிடம் ஏன் குறைகிறது என்பதும் ஒரே விஷயம்தான்.

ஒலிபரப்பானதை மூன்று மாதம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. நான் எதையும் அழித்ததில்லை. இரண்டு வருடத்தில் அவன் பேசிய இருநூற்றுப் பதினோரு நிகழ்ச்சிகளும் தேதிவாரியாக இருக்கின்றன. எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்டேன். அவன் அவ்வளவு நல்ல அறிவிப்பாளன் இல்லை. ஆனால் அவன் பேசும்போது யாருக்கும் ரேடியோவை அணைக்கத் தோன்றாது.

முதல் நாள் பதிவில் மூன்று முறை வணக்கம் சொல்கிறான். ஒன்று நேயர்களுக்கு, ஒன்று பயத்துக்கு, ஒன்று மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க. காணாமல் போன ஆடுகளின் அறிவிப்பை அமைச்சர் வருகையைப் போல வாசிப்பான். கடத்தூர்ப் பக்கம் ஒரு வெள்ளாட்டைப் பற்றி அவன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டுக்காரர் போன் செய்து, கிடைத்துவிட்டது என்கிறார். "கெடைச்சிருச்சுங்களா, சந்தோசமுங்க. இருந்தாலும் மிச்சத்தையும் படிச்சிடறனுங்க, அழகா எழுதியிருக்கீங்க" என்கிறான். அது ஒன்பதாவது நிமிடத்தில் வருகிறது. நீங்கள் சிரிப்பீர்கள்.

என்னைப் பற்றியும் ஒரு துண்டு உண்டு. எடுத்துவிடலாமா என்று யோசித்து, விட்டுவைத்தேன். "நம்ம ஸ்டுடியோவுல யுவராணின்னு ஒரு அம்மணி இருக்காங்க. மொழிபெயர்ப்பு நாவலாத்தான் படிப்பாங்க. கதையில பனி பெய்ஞ்சா இங்க ஃபேனை நிறுத்திடுவாங்க." உண்மைதான். சித்திரை மாதத்தில் ஒருமுறை நிறுத்தியிருக்கிறேன்.

அவனுக்குக் கடிதம் வராததில்தான் எல்லாம் தொடங்கியது. கல்லூரி வாசலில் நேயர் பெட்டி இருக்கிறது. தபாலில் வருவதையும் அதில்தான் போடுவார்கள். திறந்து எடுத்து வருவது என் வேலை. முதல் இரண்டு மாதம் அதில் எதுவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவனே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அன்றைய நிகழ்ச்சியில் சொன்னான்: "இந்த வாரம் நேயர் பெட்டியில ஒரு பல்லி இருந்துச்சுங்க. முட்டையும் வெச்சிருக்குது. அது கேட்ட பாட்டு இதோ." பாட்டு ஓடும்போது மைக்கை அணைக்க மறந்துவிட்டான். நான்கு நிமிடம் அவன் மூச்சு மட்டும் பாட்டுக்கு அடியில் கேட்கிறது. சிரிக்கிற ஆளின் மூச்சு அல்ல அது.

அப்போது நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் எல்லோரும் எல்லோருக்கும் கடிதம் எழுதினார்கள். பாதிப் பேர் அடுத்த தபாலுக்காகவே உயிரோடு இருந்தார்கள். அதனால் நான் செய்தது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. இடது கையால் ஒரு கடிதம் எழுதினேன். அரூர் பஸ் நிலையத்தருகே உள்ள தபால் பெட்டியில் போட்டேன். சித்தேரி மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அங்கேதான் போடுவார்கள். பெயர் செல்லி, ஊர் சித்தேரி, வீட்டில் சாமை விதைக்கிறார்கள், அண்ணனுடைய ரேடியோவில் கேட்கிறேன். முகவரி இல்லை. "வூட்டுக்குத் தபால் வந்தா கேள்வி கேப்பாங்க. பதிலை ரேடியோவுலயே சொல்லுங்க."

சித்தேரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் கோபுரத்தின் எல்லை பன்னிரண்டு கிலோமீட்டர், சித்தேரி அதற்கும் அப்பால். அவ்வளவு தூரத்தில் நம் நிகழ்ச்சியைக் கேட்டு, எங்கள் ஊரில் அப்படி ஒரு பெண் இல்லையே என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். எல்லை அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் சந்தேகப்படவில்லை, பெருமைப்பட்டான். "மலை உசரம் யுவா. டவரை நேருக்கு நேர் பாக்குது. என் குரல் ஏறிருச்சு" என்றான். தன் குரல் மலை ஏறும் என்று ஒருவன் நம்பினால், நாம் அதைக் கெடுக்கலாமா?

முப்பத்து நான்கு கடிதங்கள் எழுதினேன். அவன் ஒலிபரப்பில் செல்லிக்குச் சொன்ன பதில்கள் எல்லாம் சேர்ந்து பதின்மூன்று நிமிடம். அவற்றைத்தான் நான் வெட்டி எடுத்தேன். அவற்றில் "ஆமாங்க" இல்லை, பெருமூச்சு இல்லை. பள்ளியில் தோற்றது, அவன் அப்பா போனது, மைக்குக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் கை நடுங்குவதில்லை என்பது, எல்லாம் செல்லிக்குத் தெரியும். பக்கத்து நாற்காலியில் ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருந்த என்னிடம் அவன் ஒரு டீ வாங்கி வரச் சொல்வான்.

நான் அதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் மட்டும், செல்லியின் கடிதம் கொஞ்சம் நாவல் மாதிரி இருக்கிறதே என்று அவனிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரித்தான். "உன் புக்குல வர்றவங்கதான் பொய்யி, யுவா. இந்தப் புள்ள நெசம். படிச்சா தெரியாதா?" என்றான். ஒரு வாசகனிடமிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நான் புத்தகத்தைத் திறக்கவில்லை.

பிறகு அவன் சித்தேரிக்குப் போவதாகச் சொன்னான். வீடு வீடாகக் கேட்டாவது கண்டுபிடிப்பானாம். இரண்டு வாரம் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டேன். அவன் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள், மேடம். அங்கே செல்லி என்று பெயர் உள்ள யாராவது இருப்பார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவன் ஏமாந்துபோய்த் திரும்பி வருவான். அப்படித் திரும்பி வரும் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அவன் ஏமாற்றத்தோடு திரும்பி வரக் கூடாது என்பது ஒன்றுதான் என் எண்ணம்.

ஆகவே முப்பத்து நான்காவது கடிதத்தில் செல்லியே அவனைக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வர வேண்டாம், மலைப்பாதையில் ஒன்பதாவது வளைவை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது, அங்கே வாருங்கள் என்றாள். அங்கிருந்துதான் உங்கள் நிகழ்ச்சியைக் கேட்கிறேன் என்றாள். மழை விட்ட மறுநாள் வந்தால் காற்று சுத்தமாக இருக்கும், குரல் தெளிவாகக் கேட்கும் என்றாள். பாறையின் நுனிக்குப் போனால்தான் ரேடியோ எடுக்கும் என்றும் எழுதினாள்.

அந்தப் பாறை உங்களுக்கு நினைவிருக்கும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். வழிகாட்டியாக வந்த மாது என்கிற விவசாயி நம்மையெல்லாம் நிறுத்தி, "மழைக்கப்புறம் அது மேல கால் வெக்காதீங்க. மேல பாசி, அடியில ஒண்ணுமில்லீங்க" என்றார். செல்லி இதை ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவள் மலையிலேயே பிறந்தவள். பாசி வழுக்கும் என்பது அவளுக்குச் சொல்ல வேண்டிய செய்தியாகவே தோன்றாது. எழுதிப் பார்த்தேன், வாக்கியம் ஒட்டவில்லை. பாத்திரத்துக்குப் பொருந்தாத ஒரு வரியை, எவ்வளவு பயனுள்ளதாக இருந்தாலும், நல்ல எழுத்தாளர் சேர்க்க மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செல்லி எப்போதும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுவாள். அந்தக் கடிதத்துக்கு மட்டும் மைப்பேனா எடுத்தாள். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. அவன் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்ததாகவும், கீழே தேங்கியிருந்த மழைநீரில் மை கரைந்து ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை என்றும் பிறகு சொன்னார்கள்.

அவனுடைய கடைசி நிகழ்ச்சி சனிக்கிழமை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு மறுஒலிபரப்பு. நான் இங்க இருக்க மாட்டனுங்க. வேற ஒரு எடத்துல நின்னு என்னையே கேக்கப் போறேன்" என்கிறான். அதையும் வெட்டிவிட்டேன். மறுநாள் ஸ்டுடியோவில் நான் தனியாக உட்கார்ந்து, எந்தப் பதிவைப் போடலாம் என்று வெகுநேரம் தேடினேன். கடைசியில் செல்லியின் முதல் கடிதத்துக்கு அவன் பதில் சொன்ன நிகழ்ச்சியைப் போட்டேன். அவனுக்குப் பிடித்ததைக் கேட்கட்டும் என்றுதான்.

அவனைக் கண்டுபிடித்தவரும் அதே மாதுதான். ஆஸ்பத்திரி வாசலில் அவர் உங்களிடம் சொன்னபோது நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "பாறை மேல ரேடியோ மட்டும் இருந்துச்சுங்க. பேசிக்கிட்டே இருந்துச்சு. ஆளைக் காணமுங்க" என்றார். என்ன பேசிற்று என்று நீங்கள் கேட்டீர்கள். "கேக்குதுங்களா, கேக்குதுங்களான்னு யாரையோ கேட்டுக்கிட்டிருந்துச்சுங்க."

எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? கேட்டிருக்கிறது. அவ்வளவு தூரம் எட்டாது என்று நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒன்பதாவது வளைவில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. அவன் சொன்னது சரிதான், குரல் மலை ஏறியிருக்கிறது. செல்லி அந்தக் கடிதத்தில் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஏமாற்றத்தோடு அவன் திரும்பி வரக் கூடாது என்று நினைத்தேன், வரவில்லை.

செல்ஃபி எடுக்கப் போய் விழுந்தான் என்று விசாரணையில் முடித்தார்கள். அவன் செல்ஃபி எடுக்கிற ஆள் இல்லை. எனக்கு இருக்கும் வருத்தம் அதுதான்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். அவன் அம்மா ராணியம்மாள் சனிக்கிழமைதோறும் ஸ்டுடியோவுக்கு வருகிறார். ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு அவன் பேச்சைக் கேட்கிறார். ஆட்டுக்காரர் பகுதி வரும்போது சிரிக்கிறார். வீட்டில் அவன் பெட்டியில் இருந்த செல்லியின் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார், படிக்கத் தெரியாது. அந்தப் பெண் என்ன எழுதினாள் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் கையில் இருந்த கடிதத்தைப் பார்க்காமலே முழுவதும் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. "நீயே எழுதுன மாதிரி சொல்றியே கண்ணு" என்றார். பிறகு ஒரு பையைத் திறந்து புதுப் புடவை ஒன்றைக் காட்டினார். கத்தரிப்பூ நிறம். செல்லிக்கு.

"எம் மவன் செத்தது அந்தப் புள்ளைக்குத் தெரியுமான்னே தெரியல. இன்னும் ரேடியோவைத் திருவிக்கிட்டு உக்காந்திருக்குமோ என்னமோ. வரச் சொல்லு கண்ணு. ஒருக்கா பாத்துட்டாப் போதும்."

அந்தப் புடவையைப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. கத்தரிப்பூ நிறம் செல்லிக்குப் பொருந்தாது. அவள் கருத்த பெண். இதை அவரிடம் சொல்ல முடியவில்லை. நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள்: செல்லி இல்லை, கடிதங்களை எழுதியது நான், பாறையைத் தேர்ந்தெடுத்ததும் நாளைத் தேர்ந்தெடுத்ததும் நான். சவுரியப்பனைக் கொன்றது யுவராணி என்று யாராவது எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வாக்கியம் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. மற்றபடி எனக்கு ஆட்சேபம் இல்லை. வெட்டி எடுத்த பதின்மூன்று நிமிடமும் பென் டிரைவில் தனியாக இருக்கிறது. அதை அவன் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் அறிவிப்பாளர் கதிரவனுக்கும் கடிதமே வருவதில்லை. நேயர் பெட்டியில் மறுபடியும் பல்லிதான். போன வாரம் பாட்டு ஓடும்போது அவனும் மைக்கை அணைக்க மறந்துவிட்டான். கேட்கவே கஷ்டமாக இருந்தது. நேற்று அவனுக்கு முதல் கடிதம் வந்துவிட்டது, மேடம். சுசித்ரா என்று ஒரு பெண். மாரண்டஹள்ளிக்காரி, அங்கே போக மலைப்பாதை கிடையாது, அதையெல்லாம் யோசித்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தேன்.