அம்மாவுக்கு சுகர் நார்மல்

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது, மேடம். எங்கள் அப்பா வழியிலும் இல்லை, அம்மா வழியிலும் இல்லை. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவள்தான். காப்பியும் சீனி போட்டுத்தான் குடிப்பேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

என் மாமியார் அமராவதிக்குத்தான் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். ஆவுடையார்கோவில் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். என் வீட்டுக்காரர் செம்மல் குவைத்தில் வேலை பார்க்கிறார். போன வருடம் லீவில் வந்தபோது அவர்தான் அந்தச் சென்சாரை வாங்கி வந்தார். ஐந்து ரூபாய் நாணயம் அகலம் இருக்கும். மேல்கையில் ஒட்டினால் உள்ளே ஒரு சின்ன இழை போய் நிற்கும். விரலைக் குத்தவே வேண்டாம். உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று என் போனில் வந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து குவைத்தில் அவர் போனுக்கும் போகும். 'அம்மா' என்று பெயர், பக்கத்தில் ஒரு எண். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதியது ஒட்ட வேண்டும்.

நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தை ஒரு அதிரசம் தின்றால் கொஞ்ச நேரத்தில் அவர் போன் வந்துவிடும். "அம்மாவுக்கு என்னத்தக் குடுத்த?" என்பார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டார். அத்தை எனக்குத் தெரியாமல் எடுத்துத் தின்றாலும் கேள்வி எனக்குத்தான்.

அத்தை கெட்டவர் இல்லை. ஒரு நாள் ரவிக்கை மாற்றும்போது சென்சார் பிய்ந்து வந்துவிட்டது. புதியதைப் பிரித்துக்கொண்டு நான் போனேன். கையை மடக்கிக்கொண்டார்.

"அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்கு ஆத்தா. நீயே ஒட்டிக்கயேன். அவனும் நிம்மதியா இருப்பான், நானும் நிம்மதியா ரெண்டு வாய் திங்கிறேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். ஒட்டிக்கொண்டேன். வலிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் கூப்பிட்டார். "இன்னைக்குத்தான் அம்மாவ நல்லாப் பாத்துக்கிட்டிருக்க" என்றார். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கழற்றத் தோன்றவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். மத்தியானம் அளவு இறங்கிவிட்டது. வேலையைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். "சுகுணா, அளவு எறங்குது. ஒடனே ஏதாச்சும் சாப்பிடக் குடு. நான் லைன்லயே இருக்கேன்." அடுப்படியில் நின்று ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். எண் ஏறும்வரை அவர் போனை வைக்கவில்லை. என் உடம்புக்காக ஒருவர் அப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. பிறகு சில நாள் வேண்டுமென்றே சாப்பிடாமல் இருந்திருக்கிறேன்.

அறந்தாங்கி டாக்டர் என் போனில் சர்க்கரை ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்தார். "இவ்வளவு நல்லா இருக்கவங்களுக்கு ஊசி போட்டா மயக்கம் வந்துரும்" என்று இன்சுலினை நிறுத்தச் சொன்னார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன். பஸ்ஸில் வரும்போது, "ஊசி இல்லையா, நல்லதாப் போச்சு" என்று அத்தையே சொன்னார். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கொஞ்ச நாளில் அவருக்குத் தாகம் அதிகமானது. குடம் தண்ணீர் போதவில்லை. உடம்பு உருகியது. செருப்பு வார் உரசிய இடம் புண்ணாகி, ஆறாமல் கறுத்தது. "சுகுணா, அவன்கிட்ட நெசத்தச் சொல்லிரு. காலு எரியுதுடி" என்றார். சொல்கிறேன் என்றேன். ஒரு நாள் அவரே போனைப் பிடுங்கிப் பேசினார்.

"செம்மலு, எனக்கு முடியலய்யா."

"சுகர் கரெக்டாத்தான் இருக்கும்மா. படுத்தே கெடக்காத, கொஞ்சம் நட."

"அந்தப் பொட்டு என் கையில..." என்று ஆரம்பித்தார். போனை வாங்கி, டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

விரலைக் குத்திப் பார்க்கும் பழைய மெஷின் பீரோவில் இருந்தது. அத்தை அசந்திருந்தபோது குத்திப் பார்த்தேன். எண் வரவில்லை. அளக்க முடியாத உயரம் என்றால் அதில் இரண்டு இங்கிலீஷ் எழுத்து வரும், அது வந்தது. துடைத்து உறையில் போட்டு, பீரோவைப் பூட்டினேன். சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆனால் சென்சார் அவர் கைக்குப் போயிருக்கும். தெரிந்துதான் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலையில் அத்தை போய்விட்டார். குவைத் ஏர்போர்ட்டில் என் வீட்டுக்காரர் போனைப் பார்த்திருக்கிறார். 'அம்மா' என்ற பெயருக்கு எதிரே எண் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மா சாகவில்லை, ஊரில் தவறாகச் சொல்கிறார்கள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாராம்.

வீட்டுக்குள் வந்தவர் அழவில்லை. அத்தையின் இடது கையைத் தூக்கிப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். தொண்ணூற்றாறு.

"எங்க?" என்று என்னிடம் கேட்டார்.

ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினேன்.

இப்போது மத்தியான நேரத்தில் வீட்டில் "தண்ணி" என்று குரல் கேட்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு நிறைய வைத்துவிட்டு வருவேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு நாக்கு வறண்டுவிடும். நானே போய் அதைக் குடித்துவிடுகிறேன். மறுபடி கேட்கும்.

என் வீட்டுக்காரர் தன் அக்காள் வீட்டில் இருக்கிறார். என்னோடு பேசுவதில்லை, உங்களிடம் புகார் கொடுத்ததும் அவர்தான். ஆனால் அவர் போனில் அந்த இணைப்பை இன்னும் எடுக்கவில்லை, மேடம். நான் புதியது மாற்றி ஒட்டியிருக்கிறேன். உங்களிடம் சார்ஜர் இருக்குமா? என் போன் அணைந்துவிட்டால் அவர் பயந்துபோவார்.