பின்சீட்டுக்காரி

அய்ய, அந்த மாடலக் கிட்டயே கொண்டாராதீங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் டெட்லெஃப் அதைத்தான் வச்சிருக்கார். பாத்தாலே குமட்டுது. நல்லா விக்குதா? விக்கும் விக்கும். நம்ம ஓல்டன்பர்க் ஊர்ல பைக் வச்சிருக்கற ஆம்பளைங்க பாதிப்பேரு இப்ப ஒரு டப்பா வழி சொல்றதக் கேட்டுத்தானே ஓட்டுறாங்க.

இது? திரை பெருசுதான். கிளவுஸ் போட்ட விரலுக்கு வேலை செய்யுமா? செய்யாதா? மழையில ரோட்டோரமா நின்னு கிளவுஸக் கழட்டிப் பாத்திருக்கீங்களா நீங்க? ஈரக் கையில திரும்ப ஏறவே ஏறாது. தூக்கி உள்ள வைங்க.

அந்தச் சின்னது வெயில்ல தெரியுமா? ம். வளைவு ரோடாப் பாத்துக் கூட்டிட்டுப் போகுமா? அந்தக் கூத்தெல்லாம் பாத்தாச்சு. அவரோடது வளைவு வளைவுன்னு இழுத்துட்டுப் போயி ஒரு பன்னிப் பண்ணையில நிறுத்துச்சு. கணுக்கால் வரைக்கும் சாணி. வந்து சேந்தாச்சுன்னு அது சொல்லுது, இவரு அதுக்கு நன்றி சொல்றாரு! பொம்பளைக் குரல் பாருங்க. இருபத்தாறு வருஷமா மேப்ப மடியில வச்சிக்கிட்டுப் பின்னாடி உக்காந்து வழி சொன்னவ நானு. இடது தோள்ல தட்டுனா இடது, வலதுல தட்டுனா வலது. ஏறி உக்காந்து ரெண்டு தட்டு தட்டுனா கிளம்பலாம். போர்ச்சுகல் வரைக்கும் அப்படித்தான் போனோம். ஒரு நன்றி வந்ததில்ல.

அவரு வண்டி என்னன்னா கேக்குறீங்க? அவருக்கு யாரு வாங்குறா? எனக்குத்தான். வெளிய பேக்கரிகிட்ட நிக்குதே நீல வண்டி, அது என்னோடது. லைசென்ஸ் எடுத்து ஆறு வாரம் ஆச்சு. ஆமா, அம்பத்தெட்டு வயசுதான். வாய மூடுங்க, ஈ பூந்துடும்.

நார்வே. அந்த நாட்டோட வடக்கு முனை வரைக்கும், தனியா, நாளைக்குக் காலையில. இதுல குரல அடியோட அமத்திடலாமா? அப்ப இதையே குடுங்க.

அவருக்கா? சொல்லல. போன ஆகஸ்ட்ல டென்மார்க்ல ஒரு பெட்ரோல் பங்க்ல நிறுத்துனோம். நான் ரெண்டு காபியோட வெளிய வரேன், வண்டியக் காணோம். என் போனும் வண்டிப் பெட்டியில. அந்தக் குரல் கிளம்புன்னுச்சு, மனுஷன் கிளம்பிட்டாரு. தோள்ல தட்டு விழலையேன்னு கூடத் தோணல. கப்பல் ஏறுற எடத்துல போயி ரெண்டு டிக்கெட்னு கேட்டிருக்காரு. டிக்கெட் குடுக்கறவன்தான் எட்டிப் பாத்து, இன்னொரு ஆளு எங்கன்னு கேட்டானாம்.

திரும்பி வந்தாரு. மன்னிப்பா? போய்ச் சேர்ற நேரம் மூணு மணி நேரம் தள்ளிப்போச்சு பாருன்னு அந்தத் திரையத் திருப்பிக் காட்டுறாரு. ஆறிப்போன ரெண்டு காபியும் அப்ப என் கையிலதான் இருந்துச்சு.

அதனால நான் எதுக்குச் சொல்லணும்? நான் இல்லங்கறத அவரே கண்டுபிடிக்கட்டும். போன தடவ அதுக்கு நூத்தி நாப்பது கிலோமீட்டர் ஆச்சு. நீங்க பில்லப் போடுங்க தம்பி.