நாலு நாளைக்கு ஒண்ணு, ஆறு நாளைக்கு ஒண்ணு

அவன்: ...குறுக்கே பேசாதடி, கணக்கு விட்டுப்போகும்.

அவள்: உங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கேன். நான் எங்க பேசினேன்?

அவன்: மூச்சு விட்டியே... சரி, கேளு. ஃபோர்மேன் பரீட்சைக் கேள்வி. ஒருத்தனுக்கு நாலு நாளைக்கு ஒரு லீவு. இன்னொருத்தனுக்கு ஆறு நாளைக்கு ஒரு லீவு. 'என்னைக்காவது ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல லீவு வரும்.' கூற்று சரியா, தப்பா?

அவள்: வராமலா போகும்? சரின்னு போடுங்க.

அவன்: இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. நாலுக்கும் ஆறுக்கும் மீப்பெரு பொது வகுத்தி ரெண்டு. நாலு நாலா தாவினாலும் ஆறு ஆறா தாவினாலும், ஒற்றைப்படையில ஆரம்பிச்சவன் ஒற்றைப்படையிலயேதான் நிப்பான். மத்தவன் இரட்டைப்படையில ஆரம்பிச்சிருந்தா...

அவள்: வராது. சரி, அடுத்த கேள்விக்குப் போங்க.

அவன்: இரு. எனக்கு டிப்போவில நாலு நாளைக்கு ஒண்ணு. உனக்கு ஆஸ்பத்திரியில ஆறு...

அவள்: பால் பொங்குது போல.

அவன்: அடுப்பே பத்த வைக்கல நீ. எனக்கு நேத்து லீவு. உனக்கு இன்னைக்கு. ஒரு நாள் வித்தியாசம்... ஐயையோ, அப்போ நமக்குச் சாகுற வரைக்கும் ஒண்ணா லீவே வராதா?

அவள்: விடுங்க. தினம் சாயங்காலம் பார்த்துக்கறோமே.

அவன்: ஒரு வருஷமா நேரம் சரியில்லன்னுல்ல நினைச்சேன்... ஏய், கல்யாணமான புதுசுல ஒண்ணா வந்துச்சே. பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை.

அவள்: அப்படியா?

அவன்: யாரும் மாத்தலேன்னா இப்பவும் ஒண்ணா வரணும். வரல. அப்போ யாரோ மாத்தியிருக்காங்க. என்னோடது மாறல.

அவள்: இஸ்திரிப் பெட்டி ஆறிப்போச்சு, இருங்க.

அவன்: உங்க மேட்ரன்தான், டூட்டி போடுறது அவங்கதானே. நாம ஒண்ணா இருந்தா அந்தம்மாவுக்கு எங்க வலிக்குதாம்? காலையில நேரா போய் நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கிறேன்.

அவள்: வேண்டாங்க. அவங்க பாவம்.

அவன்: குடும்பத்தைப் பிரிச்சவங்க பாவமா?

அவள்: போகாதீங்கன்னு சொல்றேன்ல.

அவன்: ஏன், உனக்கென்ன பயம்?

அவள்: நான்தான் கெஞ்சி ஒரு நாள் தள்ளி வாங்கினேன்... அஞ்சு நாள் வார்டுல ஓடிட்டு ஒரு நாள் உட்காரலாம்னு பார்த்தா, மணிக்கொரு டீ, உங்க துணி, உங்க சிநேகிதங்களுக்குச் சோறு... நீங்க வீட்டுல இருந்தா எனக்கு அன்னைக்கு லீவே இல்லீங்க.