ஷக்கிபாவின் பிறந்தநாள்

தலைமை தாங்கும் ஷேக் அவர்களே, நமக்கு அடைக்கலம் தந்த இந்த டாண்டினாங்கில் கடையைச் சாத்திவிட்டு ஓடிவந்திருக்கும் என் ஹசாரா இனச் சொந்தங்களே, ஸலாம்!

நம் ஆசான், உஸ்தாத் சகிதாத் மறைந்த நாற்பதாம் நாள் இது. அழத்தான் வேண்டும். ஆனால் காலையிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை! ஏன் என்று சொல்கிறேன், பொறுங்கள்.

அகதிச் சங்கத்தில் பதினாறு ஆண்டுகள் அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டவள் நான். பிரிந்த குடும்பங்களைச் சேர்ப்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாத மனிதர்!

இதோ, மூன்றாவது வரிசையில் குல்சமன் அக்கா. மகள் ஷக்கிபா குவெட்டாவில் தனியாக. இருபத்துமூன்று முடியாத பிள்ளையைத்தான் கூப்பிடலாமாம். அவளை வரவழைக்க விண்ணப்பம் போட்டால், போட்ட அன்றைக்கு அவளுக்கு இருபத்துமூன்று முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதாம்! வயது முடிந்தால் பெற்ற பிள்ளை பிள்ளை இல்லையா? இது எந்த ஊர் நியாயம்?

உஸ்தாத் தாளைப் பார்த்தார். பிறந்த தேதி, ஜனவரி ஒன்று. சிரித்துவிட்டார்.

"ஏம்மா தங்கச்சி, உனக்கும் ஜனவரி ஒண்ணு, எனக்கும் ஜனவரி ஒண்ணு. நம்ம ஜனத்துல பாதிப்பேரு ஒரே நாள்லயா பிறந்தோம்?"

சிரிக்கிறீர்கள்! உங்கள் தாளிலும் அதே தேதிதானே?

"முகாம்ல இவ பிறந்த தேதிய கேட்டாங்க, தெரியலன்னேன். அவங்களே போட்டுக்கிட்டாங்க. இப்ப மாத்திச் சொன்னா, பொய்க்காரின்னு என்னையும் திருப்பி அனுப்பிட்டா?" என்று அழுதார் அக்கா.

"தப்பான தேதியக் காப்பாத்த பொண்ண விட்டுருவியா? உன் வீட்டுக்காரர் குர்ஆன்ல எழுதி வைக்கலையா?"

எழுதியிருந்தார்! காலமான அந்த மனிதர், நம் வழக்கப்படி குர்ஆனின் கடைசித் தாளில் மகள் பிறந்த நாளைக் குறித்திருந்தார். நம் ஊர் ஜாகோரியில் கொழுந்தன் வீட்டிலிருந்து அந்தத் தாளின் படம் வந்தது. நம் ஆண்டுக்கணக்கை உஸ்தாத் ஆங்கிலத் தேதிக்கு மாற்றிப் பார்த்தார். ஆகஸ்ட்! விண்ணப்பம் போட்ட அன்று, இருபத்துமூன்று முடிய இன்னும் ஐந்து மாதம் இருந்தது!

குடியேற்ற அதிகாரிகள் லேசில் நம்பினார்களா? மறுத்தார்கள். மேல்முறையீடு, இரண்டு ஆண்டு இழுபறி. நானே சொன்னேன், "விடுங்க உஸ்தாத், உடம்பப் பாருங்க."

"வாய மூடிட்டு டீயை ஊத்தும்மா," என்றார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் அனுமதி வந்தது. ஒரே ஒரு நாள்! எனக்கு அது ஆறவே இல்லை.

அவர் மேசையில் இன்னும் பதினொரு குடும்பங்களின் கோப்புகள் இருக்கின்றன. நாளை காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும். உங்கள் குர்ஆன்களின் கடைசித் தாளைப் படம் எடுத்து வாருங்கள். பதினொன்றில் ஒன்றையும் விடமாட்டேன். அவர் மேல் ஆணை!

என்ன முணுமுணுப்பு அங்கே? அக்காவின் கையை விடாமல் பிடித்திருக்கும் அந்தப் பெண் யார் என்றா? காலையில்தான் விமானத்தை விட்டு இறங்கினாள். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறாள்.

ஷக்கிபா, எழுந்து நில்லம்மா! உஸ்தாத் உன்னைப் பார்க்கவில்லை. இவர்களாவது பார்க்கட்டும்.