கார்க் மட்டையின் சத்தம்

பிற்பகலில் ஒரு டீ குடிக்காவிட்டால் எனக்குத் தலை வலிக்கும். கேட்காமலே கொடுத்தீர்கள் ஐயா, நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசைப்பந்து மன்றத்தில் இருபத்தாறு வருடமாகப் பொருளறைக்குப் பொறுப்பு நான். செயலாளர் என் அக்கா புருஷன். அங்கிருந்த நாற்பத்தொரு பழைய மட்டைகளையும் தேடித் தேடிச் சேர்த்தவன் நான். அத்தானுக்கு மட்டை என்றால் இன்று கடையில் வாங்கி நாளை தூக்கிப்போடுகிற சாமான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

ஆரம்ப காலத்து மட்டைகள் சிலவற்றுக்கு நீண்ட பிடி இருக்கும், இரண்டு பக்கமும் தோலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். தட்டினால் சின்ன மத்தளம்தான். பிறகு வெறும் பலகை, கார்க் ஒட்டியது, உப்புத்தாள் ஒட்டியது, மொட்டு மொட்டாக ரப்பர் வைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். கடைசியில் ஸ்பாஞ்ச் வந்து எல்லாவற்றின் வாயையும் பொத்தியது. எதிராளியின் அடியைக் காதால் அளந்து ஆடியவர்கள் திணறிப்போனார்கள். என் கண்ணைக் கட்டிவிட்டு எந்த மட்டையால் எதைத் தட்டினாலும் அது எது என்று சொல்லிவிடுவேன். மன்றத்தில் பந்தயம் கட்டித் தோற்காத ஆள் கிடையாது.

போன மாதம் அத்தான் ஒரு யோசனையோடு வந்தார்.

"ஹால் சுவர்ல பெரிய கடிகாரம் வைக்கலாம் மச்சான். மணிக்கு ஒரு மட்டை. நடுவுல ஓட்டை போட்டு மாட்டினா சும்மா அள்ளும்."

"அத்தான், அதுல தோல் மட்டை இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அதான் சொல்றேன், இனிமேலாவது ஒரு வேலைக்கு ஆகட்டும்."

மறுநாள் நான் போவதற்குள் தோல் மட்டையில் துளை போட்டாகிவிட்டது. தோல் நெடுகக் கிழிந்து தொங்கியது. தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. அத்தான் என் முதுகில் தட்டி, ஒன்று போனால் என்ன, இன்னும் நாற்பது இருக்கிறதே என்றார். நானும் சிரித்தேன். கார்க் மட்டையை மாதிரிக்கு என்று தச்சரிடம் எடுத்துப் போனார்.

மற்றவற்றை மூட்டை கட்டி என் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். பொருளறையில் மிஞ்சியவை நான்கு சாக்குப் பழைய செல்லுலாய்டு பந்துகள். பஞ்சைவிட வேகமாகப் பற்றுகிற சாமான். தீப்பெட்டியோடு உள்ளே போகாதீர்கள் என்று அவரிடம் நூறு முறை சொல்லியிருக்கிறேன். சொன்னால் கேட்கிற ஆளா அவர்?

செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுவிட்டு, தோளில் பையோடு வந்தார். "மட்டையெல்லாம் எங்கடா?"

"சாக்குக்குப் பின்னாடி அடுக்கியிருக்கேன் அத்தான். பல்பு எரியல, பார்த்துப் போங்க."

பல்பு என் சட்டைப் பையில் இருந்தது. நல்ல பல்பு, வீணாக்க மனம் வரவில்லை. குச்சியை உரசியது அவர். நான் உரசவில்லை, அதை மறக்காமல் எழுதுங்கள். தீ கூடத்துக்குப் பரவக்கூடாது என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மன்றத்தின் மேசைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பொறுப்புள்ளவன் வேறென்ன செய்வான்?

நேற்று அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை. "பக்கத்துலதானே இருந்தே. அவர் கதவைத் தட்டுனது உனக்குக் கேக்கவே இல்லையாடா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் இந்த டீயை நான் என் வீட்டில் குடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் என் காதைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

தட்டினார். முதலில் கையால். பிறகு பையிலிருந்து எதையோ எடுத்துத் தட்டினார். மந்தமான, அடித்தொண்டைச் சத்தம். கார்க். தச்சரிடம் இருப்பதாக நான் நினைத்த மட்டை அவரிடமே இருந்திருக்கிறது. ஓரமெல்லாம் பிய்ந்துபோகும்படி அதைக் கதவில் போட்டு அடித்தார். அப்படியொரு கோபம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. மட்டையைப் பிடிக்கிற லட்சணமா அது?

தாழ்ப்பாளில் கை வைத்தேன் ஐயா. அந்த மட்டைக்காகத்தான். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது, கார்க் கருகியிருக்கும் என்று கையை எடுத்துவிட்டேன்.