பாதிக் குளிசை

மழைக் காலத்தில் மருந்துக் குளிசைகளைக் கடதாசி உறையில் வைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் சேர். ஈரம் பிடித்துவிடும். நான் போத்தலில்தான் போட்டு வைத்தேன். என்னைப் போல மனைவியைப் பார்த்துக்கொண்டவன் கிண்ணியாவில் இருக்கிறானா என்று விசாரித்துப் பாருங்கள்.

றஹ்மாவுக்கு மனநோய் வந்து ஆறு வருடம். மாதம் தவறாமல், மருந்து எழுதுகிற கிளினிக் கொப்பியோடு திருகோணமலைக்கு பஸ் ஏறியவன் நான். குளிசை போட்டால் நாள் முழுக்க நித்திரை. வாயில் எச்சில் வடியும். நோயே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். அவளுடைய தங்கை ஷிஃபானாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தனியார் டொக்டர் ஒருவரிடம் கூட்டிப்போய், இரத்தத்தை இந்தியாவுக்கு அனுப்பிச் சோதித்தாள்.

"இது பிறப்பிலயே வந்த அமைப்பு. மத்த ஆக்களிண்ட உடம்பு மருந்தக் கழிச்சிரும். இவங்கட உடம்பில அது தேங்கி நிக்கும். பாதி போதும்," என்றார் அவர்.

பாதி கொடுத்தேன். மூன்றாம் கிழமை றஹ்மா எழுந்து குசினிக்குப் போய் மீன் ஆணம் காய்ச்சினாள். நல்ல ருசி, பொய் சொல்லக் கூடாது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை கதிரையில் இருந்துவிட்டுச் சொன்னாள்:

"இது வாப்பா எனக்குத் தந்த ஊடு. நான் காதியாரிட்டப் போய் விவாகரத்துக் கேக்கப் போறன். நீங்க உங்கட உம்மாட ஊட்டுக்குப் போங்க."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், சேர். மாப்பிள்ளை வந்து இருப்பவன். ஐம்பது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அடுத்த கிளினிக்கில் நடந்ததை அப்படியே சொன்னேன். புருஷனை வீட்டை விட்டுத் துரத்தப் பார்க்கிறாள் என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை. அங்குள்ள டொக்டர்மார், நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டி எழுதினார்கள். கொப்பிக்குள் வைத்துக் காட்டும்படி ஷிஃபானா தந்த சோதனை அறிக்கை அலுமாரியில், என் சாரங்களுக்கு அடியில் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

றஹ்மா குளிசை வேண்டாமென்று முகத்தைத் திருப்பினாள். தேத்தண்ணியில் கரைத்துக் கொடுத்தேன். காதியார் பேச்சு நின்றது. பிறகு எல்லாப் பேச்சும் நின்றது. போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து பார்த்தேன், மூச்சு இல்லை.

கொப்பியில் எழுதியதற்கு மேல் ஒரு குளிசையும் நான் கொடுத்ததில்லை. ஊரில் எல்லோருக்கும் கொடுக்கிற அளவுதான். அறிக்கையைப் படித்தாயா என்று கேட்டீர்கள். மூன்று தரம் படித்தேன். எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

ஒரேயொரு வேண்டுகோள். ஷிஃபானா வெளியே நின்று வீட்டுப் பூட்டின் திறப்பைக் கேட்கிறாளாம். கொடுத்துவிடாதீர்கள், சேர். அது என் வீடு.