பாய்க்கு ஒரு கெட்டிக்காரி

ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் முழுதாக வராது. ஏழெட்டு வரை போவேன். அதற்கு மேல் ரோசரி பக்கத்தில் இருக்க வேண்டும்.

மலாயாவில் பீடோருக்கு உள்ளே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே அறை. சவரிநாதன் வாத்தியார் வகுப்புப் பிரிக்கவில்லை, பாய் பிரித்தார். பாய்க்கு நாலு பேர், அதில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை. மற்ற மூவருக்கும் அந்தப் பிள்ளை சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் பாய்க்கு ரோசரி, பால் வெட்டும் அந்தோணிமுத்துவின் மகள். பத்து வயதிலேயே வாத்தியாரின் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பாள். பிள்ளைகள் முன்னால் சொல்லமாட்டாள். வீட்டுக்குப் போகும்போது அவர் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வாள்.

நான் யாரோடும் பேசாத பிள்ளை. கேள்வி கேட்டால் தொண்டை அடைத்துவிடும். மற்ற பாய்களில் கெட்டிக்காரர்கள் விடையைச் சிலேட்டு ஓரத்தில் எழுதிக் காட்டிவிடுவார்கள். ரோசரி அப்படிச் செய்யமாட்டாள். என் முழங்காலில் விரலால் தட்டிவிட்டு, நானாகக் கண்டுபிடிக்கும்வரை இருப்பாள். "அவசரம் இல்லடி மாரி, மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு" என்பாள். எனக்காகக் காத்திருந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

மக்குப் பிள்ளைக்கும் ஒரு வேலை வேண்டுமென்று, எங்கள் பாய்க்குக் கொய்னா மருந்து வாங்கிவரும் பொறுப்பை வாத்தியார் எனக்குக் கொடுத்திருந்தார். தோட்டத்தில் மலேரியா என்கிற காட்டுக் காய்ச்சல் ஓயாத காலம். அது வராமல் தடுக்கக் காலையில் வாளியில் மருந்து வரும். சிரட்டையில் வாங்கிவந்து, ஒவ்வொருவரும் விழுங்குவதைப் பார்க்க வேண்டும். அதில் நான் ஒருநாளும் தவறியதில்லை.

இருபத்தேழாம் வருஷம் பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஒரு துரை வந்தார். நல்ல பிள்ளைகளை மக்குகளோடு உட்காரவைப்பது வீண் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே கெட்டிக்காரர்கள் நாலு பேருக்கு முன்னால் ஒரு பெஞ்சு வந்தது. அடுத்த மாதம் பரீட்சை. தேறினால் ஈப்போ பட்டணத்தில் தங்கிப் படிக்கலாம்.

"அப்ப எங்க பாய்க்கு யாரு சார்?" என்று எங்கள் பாயில் இருந்த சீனி கேட்டான்.

வாத்தியார் பதில் சொல்லுமுன் பெஞ்சில் இருந்த பத்துமலை திரும்பினான். "ஒனக்கு என்னாத்துக்குடா ஆளு? அடுத்த வருஷம் புல்லு வெட்டப் போறவன்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். ரோசரி சிரிக்கவில்லை. ஆனால் பெஞ்சைவிட்டு எழுந்து வரவும் இல்லை.

அவளுக்கு மருந்து கொண்டுபோகும் வேலை மட்டும் என்னிடமே இருந்தது.

நான் நினைத்தது சின்ன விஷயம். பரீட்சை அன்று அவளுக்குக் காய்ச்சல் வந்தால் போதும். காய்ச்சல் எல்லோருக்கும் வருகிறது, போகிறது. எனக்கே மூன்று தடவை வந்து போயிருக்கிறது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் பாகல் கொடி இருந்தது. இலையைப் பிழிந்து துணியில் வடிகட்டித் தண்ணீர் கலந்தால் கசப்புக்குக் குறைவில்லை. சிரட்டையில் நிறமும் தெரியாது. அவள் பங்கு மருந்தைச் சன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு அதைக் கொடுத்தேன். இருபத்திரண்டு நாள்.

முதல் நாளே என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இன்னிக்குக் கசப்பு வேற மாதிரி இருக்குடி."

"புது மருந்தாம்."

"நீ சொன்னா சரி" என்று மிச்சத்தையும் குடித்தாள்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது அவளுக்குக் குளிர் கண்டது. மருந்துக் கொட்டகை டிரஸர் இளையதம்பி வந்து பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமான மனிதர். என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, இவள் கொய்னா ஒழுங்காக் குடிச்சவளோ?"

"ஒருநாள் விடாம என் கையாலதான் குடுத்தேன் ஐயா."

அப்படியானால் இது காட்டுக் காய்ச்சலாக இருக்காது, வயிற்றுக் காய்ச்சல்தான் என்று முடிவு செய்து அதற்கு மருந்து கொடுத்தார். அப்போது நான் சொல்லியிருக்கலாம். மறுநாளும் சொல்லியிருக்கலாம். தொண்டை அடைத்துக்கொண்டது. அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும் கோளாறு, வாத்தியாருக்கும் தெரியும்.

மூன்று நாளும் அவள் பக்கத்தை விட்டு நான் நகரவில்லை. கடைசி நாள், உடம்பு தூக்கிப்போடும்போதும், என் முழங்காலில் தட்டி, "ஏழொன்பது?" என்றாள். நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை அவள் காத்திருக்கவில்லை.

பரீட்சை அன்று காலையில் அடக்கம் செய்தார்கள். ஈப்போவுக்கென்று வாங்கிவைத்திருந்த நோட்டை அவள் அம்மா என்னிடம் கொடுத்தாள். "அவளுக்கு மருந்து குடுத்த கை. நீயே வச்சுக்க தாயி." அதில்தான் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை அன்றோடு விட்டுவிட்டேன். இப்போது புல் வெட்டப் போகிறேன்.

கல்லறை, நான் வேலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. தினமும் நின்று ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அவள் ஈப்போவுக்குப் போயிருந்தால் வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பதே பெரிது. அங்கே அவளை யார் பக்கத்தில் உட்காரவைத்திருப்பார்களோ. இங்கே எங்களைப் பிரித்து உட்காரவைக்க யாரும் வரப்போவதில்லை.